மாட்டின் வாய்க்குள் கை விட்டவர்கள்

1. பனங்கொட்டை

மிருக வைத்தியர் நிமலன் ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டியை எங்கள் ஆய்வுகூடத்து மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். வழமையில் அவர் அப்படி நிற்கிறவர் அல்ல. சாம்பிளைத் தந்துவிட்டு மோட்டார் சயிக்கிளை எடுத்தால் பிறகு போனில்தான் பிடிக்கலாம்.

"மாட்டுத்தலை," என்றார். "அளவெட்டிப் பக்கம். கொஞ்ச நாளா வாயாலை வீணி வடிஞ்சிருக்கு. தீனும் எடுக்கேல்லை. தொண்டையிலை பனங்கொட்டை சிக்கிப்போச்சு எண்டு நினைச்சிட்டினம்."

பனம்பழக் காலம். விழுகிற பழத்தை மாடு சூப்பும், சிலவேளை கொட்டை தொண்டையில் இறுகியும் விடும். அவர்கள் நினைத்ததில் பிழை இல்லை.

"பிறகு?"

"பிறகென்ன, ஆளாளுக்கு வாய்க்குள்ளை கை விட்டுத் தேடியிருக்கினம். கடைசியா நானும் விட்டனான்."

"கிளவுஸ் போடேல்லையோ?"

"போட்டனான். மாடு கடிச்சுக் கிழிச்சுப்போட்டுது." அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொட்டை ஒண்டும் இல்லை, டொக்டர். தொண்டை அசையாமல் கிடந்தது. அப்பதான் எனக்கு வேறை மாதிரி யோசனை போச்சுது. மாடு செத்ததும் தலையை எடுத்துக்கொண்டு வந்திட்டன்."

அன்று மத்தியானத்துக்குள் மூளையிலிருந்து சிறு துண்டு எடுத்து ஸ்லைட்டில் ஒற்றி, சாயம் ஏற்றி, மைக்றோஸ்கோப்பின் கீழ் வைத்தேன். இருட்டுக்குள் அப்பிள் பச்சை நிறத்தில் புள்ளிகள் தெரிந்தால் நீர்வெறுப்பு நோய் என்று அர்த்தம். நம் ஊரில் விசர் நாய்க்கடி என்று சொல்வது இதைத்தான். நாய்த்தலைகளில் அந்தப் புள்ளிகளைப் பார்த்துப் பழகியவள் நான். என்றாலும் அன்று பார்த்த உடனே கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். ஒரு நாய் கடித்தால் ஒருவரை, இருவரைக் கடிக்கும். இந்த மாட்டின் வாய்க்குள்ளோ ஒரு அயலே கை விட்டிருந்தது.

புதிதாக இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வைரஸ் உடம்புக்குள் போய் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் மருந்து இல்லை. அதற்கு முன்னம் ஊசி போட்டால் ஆளைக் காப்பாற்றலாம். இரண்டுக்கும் நடுவில் சில கிழமைகள் கிடைக்கும், சிலருக்கு மாதங்கள். அந்த இடைவெளிக்குள் ஓடுவதுதான் எங்கள் வேலை.

நிமலன் படிக்கும் காலத்திலேயே தடுப்பூசி போட்டவர். அவருக்கு மேலதிக ஊசி போதும். மற்றவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது.

2. சிவராசாவின் வளவு

மாட்டுக்காரர் சிவராசா வெங்காயமும் பீற்றூட்டும் செய்கிற தோட்டக்காரர். பின்னேரம் நானும் நிமலனும் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் போனபோது அவர் வெறும் தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னதும் வாளியைக் கீழே வைத்தார்.

"மாட்டுக்கும் விசர் வருமோ, மிஸ்?"

"வரும், அண்ணை. வாய்க்குள்ளை ஆர் ஆர் கை விட்டவை?"

"நான் விட்டனான். என்ரை மச்சான் விட்டவர். பக்கத்து வீட்டுச் செல்வம் அண்ணை விட்டவர்." கொஞ்சம் யோசித்தார். "சந்தையாலை வந்த ஒராள் எனக்கு எடுக்கத் தெரியும் எண்டு சொல்லி விட்டவர். அவரின்ரை பேர் தெரியாது."

அந்தப் பேர் தெரியாத ஆளைத் தேடியே பிறகு பரிசோதகருக்கு நாக்குத் தள்ளிப்போனது. நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சிவராசாவின் மனைவி மல்லிகா குசினியில் அடுப்பை விட்டுவிட்டு வந்தார்.

"பாலுக்கு என்ன செய்யிறது? நாங்கள் காய்ச்சித்தான் குடிச்சனாங்கள். ஆனால் கோயிலுக்குப் பச்சைப்பால் குடுத்தனாங்கள், அபிசேகத்துக்கு. அந்தப் பாலைத் தீர்த்தமெண்டு சனம் குடிச்சிருக்கும்."

காய்ச்சிய பாலால் பயமில்லை. பச்சைப்பாலால் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. ஆனாலும் இல்லை என்று கைவிட முடியாத நோய் இது. அடுத்த நாள் காலை கோயில் வீதியில் ஐயரும் உபயகாரரும் அயற்சனமும் கூடிவிட்டார்கள். யாருக்கு ஊசி வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பிரித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பொழுது போய்விட்டது. சந்தைக்காரரும் அன்றே அகப்பட்டார். ஒரு தேத்தண்ணிக் கடையில் மாட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவரைப் பரிசோதகர் அப்படியே ஓட்டோவில் ஏற்றிப் போனார்.

ஒரு கேள்விக்குத்தான் பதில் இல்லை. மாட்டை எது கடித்தது?

"எங்கடை வளவிலை நாயே இல்லை," என்றார் சிவராசா. "சுத்திவர மதில். தெருநாய் உள்ளுக்கை வராது. நாய் கடிச்சிருந்தால் எங்களுக்குத் தெரியாமல் போகாது."

அவர் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. ஆனால் கடித்தது எதுவென்று தெரியாவிட்டால், அது வேறு யாரைக் கடித்தது என்பதும் தெரியாது. ஊசி போடாத ஒருவர் எங்கேயோ சாதாரணமாக நடமாடிக்கொண்டிருக்கலாம். அந்த எண்ணத்தோடுதான் மாட்டின் சாம்பிளை சீக்குவென்சிங்குக்கு எடுத்தேன்.

3. கிளை மாறி நின்ற மாடு

நான் யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்தவள். பேர் ஜெசீமா. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களான எங்களை எல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றியபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. தெற்கே புத்தளத்தில் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் இருந்து படித்து, பல்கலைக்கழகம் போய், வைரஸ் துறையில் கலாநிதிப் பட்டம் எடுத்தேன். பட்டத்துக்கான ஆய்வே புத்தளம் பக்கத்து நாய்களின் நீர்வெறுப்பு வைரஸ்தான். நாய்த்தலை தேடி ஊர் ஊராகத் திரிந்தேன். "உந்தக் கையோடை குசினிக்குள்ளை வராதை," என்று உம்மா ஒவ்வொரு நாளும் சத்தம் போடுவா. பிறகு வேலை கிடைத்து யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வந்தேன். உம்மாவும் தங்கை குடும்பமும் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள்.

சீக்குவென்சிங் என்றால் வைரஸின் ஜீனோமை எழுத்து எழுத்தாக வாசிப்பது. வாசித்ததை ஏற்கனவே சேர்த்து வைத்த மற்ற வைரஸ்களோடு ஒப்பிட்டு, கொம்பியூட்டரில் ஒரு மரம் வரைவோம். கிட்டிய சொந்தங்கள் ஒரே கிளையில் நிற்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டு நாய்களில் நாங்கள் எடுத்த வைரஸ்கள் ஒரு கிளை. அளவெட்டி மாடும் அதில்தான் நிற்கும் என்று எதிர்பார்த்தேன்.

மரம் திரையில் வந்தபோது மாட்டை அங்கே காணவில்லை. கீழே தேடினேன். நான் படிக்கும் காலத்தில் என் கையால் எடுத்த புத்தளம் நாய்களுக்கு நடுவில் அது நின்றது.

முதலில் தோன்றியது, கலப்படம். என் பழைய புத்தளம் சாம்பிள்கள் அதே பிறீசரில்தான் இருந்தன. ஒரு துளி தவறி விழுந்தாலே போதும். மாட்டின் மூளையிலிருந்து புதிதாகத் துண்டு எடுத்தேன். புதுக் கிட் உடைத்து, பக்கத்துக் கட்டிடத்து அறையில், எங்கள் ஆய்வுகூடத்து ஒரு பிப்பெற்றைக் கூடத் தொடாமல் மறுபடி தொடங்கினேன். மாடு மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றது.

எங்கள் துறைப் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நல்ல மனிதர். திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து கதிரையில் இருந்தார்.

"ஜெசீமா, உதை இப்ப வெளியிலை விட வேண்டாம்."

"ஏன் சேர்?"

"உங்களுக்குத் தெரியாதே? புத்தளம் எண்ட பேரை எழுதினால் ஆக்கள் வைரஸையோ பாப்பினம்? உங்களையெல்லோ பாப்பினம்."

அவர் சொன்னது எனக்கு விளங்கியது. புத்தளத்துக்கும் சோனகதெருவுக்கும் கிழமைக்குக் கிழமை போய் வருகிறது எங்கள் சனம். வந்து குடியேறிய ஆக்களைப் பற்றிக் கதைக்க ஒரு சாட்டுக் கிடைத்தால் விடாதவர்களும் இருக்கிறார்கள். நாய் எங்கள் வீடுகளில் வளர்ப்பதே இல்லை என்று யார் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்?

"எழுதாமல் விட்டால் அங்கை நாயளுக்கு ஊசி போட ஒருத்தரும் போகமாட்டினம், சேர்."

"அப்ப என்ன செய்யப் போறியள்?"

"முதல் அளவெட்டிக்குப் போறன். வைரஸ் தன்பாட்டிலை பஸ் ஏறி வராது. ஆரோ கொண்டு வந்திருக்க வேணும்."

வெளியே தைரியமாகத்தான் சொன்னேன். போகிற வழியெல்லாம் அது எங்கள் ஆக்களாக இருக்கக் கூடாது என்று மனதுக்குள் இறைவனிடம் துஆ கேட்டுக்கொண்டே போனேன்.

4. லொறிக்காரத் தம்பி

நிமலனும் கூட வந்தார். சிவராசா எங்களை இருத்திவிட்டுத் தானும் ஒரு கதிரை இழுத்துப் போட்டார்.

"அண்ணை, உங்கடை வீட்டாக்கள் ஆரும் புத்தளம் பக்கம் போய் வாறவையோ?"

"என்ரை தம்பி குகன் போறவன். லொறி ஓடுறான். இஞ்சையிருந்து வெங்காயம் ஏத்திக்கொண்டு போவான். வரேக்கை உப்பு ஏத்தி வருவான். இப்பவும் அங்கைதான் நிக்கிறான். ஏன் மிஸ்?"

"அவர் அங்கையிருந்து ஏதும் மிருகம் கொண்டு வந்தவரோ?"

சிவராசா இல்லை என்று தலையாட்டினார். கதவடியில் நின்ற மல்லிகாதான் மெல்லச் சொன்னார்.

"குட்டி ஒண்டு கொண்டந்தவர் எல்லே. எங்கடை துளசிக்கு விளையாட. பாவம், றோட்டிலை அடிபடக் கிடந்ததெண்டு தூக்கிக்கொண்டு வந்தவர்."

"என்ன குட்டி?"

"நாய்க்குட்டி. சின்னன். அது கிழமைக்குள்ளை செத்துப்போச்சு. சாப்பிடேல்லை. கண்டதெல்லாத்தையும் கடிச்சுக்கொண்டு திரிஞ்சுது. பல்லு முளைக்கிற குட்டி அப்பிடித்தான் எண்டு நாங்களும் விட்டிட்டம்."

"மாட்டைக் கடிச்சதோ?"

"மாட்டின்ரை மூக்கைக் கவ்விக்கொண்டு தொங்கினது. பிள்ளை அதைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சவள்." மல்லிகா என்னைப் பார்த்தார். "குட்டி கடிக்கிறதும் கடியோ, மிஸ்?"

நிமலன் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் எல்லோரும் நாய் கடித்ததா என்றுதான் கேட்டிருந்தோம். அவர்கள் மனதில் குட்டி நாயாகவில்லை.

துளசியைக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூட உடுப்போடு வந்து நின்றாள். கையைக் காட்டச் சொன்னேன். சுட்டுவிரலிலும் மணிக்கட்டிலும் மெல்லிய வெள்ளைக் கோடுகள். காயம் எப்போதோ ஆறி மாறிவிட்டது. வெளியில் மாறினாலும் உள்ளே வைரஸ் நரம்பு வழியாக ஏறிக்கொண்டிருக்கலாம். குட்டி செத்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது.

"கை விறைக்குதோ, குத்துதோ?"

"இல்லை."

"தண்ணி குடிக்கேக்கை ஏதும் செய்யுதோ?"

"இல்லை, மிஸ்."

உடனே அடுத்த கேள்வி வந்தது.

"அண்ணை, குட்டி குகனையும் கடிச்சதோ?"

சிவராசா போனை எடுத்துத் தம்பிக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டார். லொறி இரைகிற சத்தத்துக்கு நடுவில் குகனின் குரல் வந்தது.

"சொல்லுங்கோ அண்ணை."

"தம்பி, நீ கொண்டந்த குட்டி உன்னைக் கடிச்சதோ?"

"வழியிலை கையைப் பதம் பாத்ததுதான். ஏன்?"

நான் போனைக் கேட்டு வாங்கினேன். ஆய்வுகூடத்திலிருந்து கதைக்கிறேன் என்று சொல்லி, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ரெண்டு நாளாக் காய்ச்சல், மிஸ். தொண்டை நோகுது. கடையிலை குளிசை வாங்கிப் போட்டனான். தண்ணிப் போத்தலை வாயிலை வைக்கவே தொண்டை இறுகுது."

"வேறை?"

"காத்துப் பட்டாலும் அப்பிடித்தான் செய்யுது. அதுதான் கண்ணாடியை ஏத்திப்போட்டு ஓடுறன். அந்தக் கை வேறை ஒரே விறைப்பு."

ஒரு பாடப்புத்தகத்தின் பக்கத்தை ஒருவர் எனக்கு வாசித்துக் காட்டுவது போல இருந்தது. நான் கதைத்துக்கொண்டிருக்கிற ஆள் அடுத்த கிழமை இருக்கமாட்டார். அவருக்கு அது தெரியாது. எனக்கு எதிரே அவருடைய அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

"குகன், லொறியை ஓரமா நிப்பாட்டுங்கோ. நீங்கள் இப்ப ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். நான் ஆள் அனுப்புறன். நிக்கிற இடத்தைச் சொல்லுங்கோ."

இடத்தைச் சொன்னார். லொறியின் இரைச்சல் நின்றது.

"அந்தக் குட்டியாலை வந்ததோ, மிஸ்?"

"அப்பிடித்தான் சந்தேகப்படுறம்."

"துளசியையும் கடிச்சதே. பிள்ளைக்கு ஒண்டும் இல்லைத்தானே?"

"பிள்ளை என்ரை முன்னாலைதான் நிக்கிறா. நல்லா இருக்கிறா. இப்பவே ஊசி போடக் கூட்டிக்கொண்டு போறம்."

"அப்ப சரி," என்றார் குகன்.

நாங்கள் வந்த காரிலேயே துளசியை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தடுப்பூசியும், காயத் தழும்பைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட்டார்கள். பிந்தினாலும் போடத்தான் வேண்டும். பலிக்குமா என்று டொக்டர்மாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குகனை என் தங்கையின் புருசன் போய்ப் புத்தளம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். சிவராசா பஸ் ஏறிப் போனார். என் தங்கை வீட்டில்தான் தங்கினார். கடைசி வரைக்கும் தம்பிக்கு நினைவு இருந்ததாம். யன்னலைப் பூட்டச் சொல்லிக் கேட்டானாம். மூன்றாம் நாள் குகன் போய்விட்டார். சவத்தை அளவெட்டிக்குக் கொண்டுவர வாகனம் ஒழுங்கு செய்ததும் தங்கை வீட்டாக்கள்தான்.

5. கூட்டம்

குகனின் சாம்பிளும் எங்களிடம் வந்தது. வாசித்துப் பார்த்தேன். மாட்டின் வைரஸும் அவருடையதும் ஒன்றுதான்.

அறிக்கையில் புத்தளம் என்றே எழுதினேன். பேராசிரியர் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். அது வெளியே போய் இரண்டாம் நாளே பேஸ்புக்கில் தொடங்கிவிட்டார்கள். அறிக்கையிலிருந்த மரத்தின் படத்தைப் போட்டு, புத்தளத்திலிருந்து வந்த ஆக்கள் கொண்டுவந்த விசர் வருத்தம் என்று ஒருவர் எழுத, அதற்குக் கீழே எழுதியிருந்தவற்றை நான் முழுதாக வாசிக்கவில்லை. உம்மா போன் எடுத்து, "கொஞ்ச நாளைக்கு லீவு போட்டிட்டு இஞ்சை வாவன், பிள்ளை," என்றா.

அளவெட்டியில் நாய்களுக்கு ஊசி போடுவது பற்றிச் சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தார்கள். நான்தான் விளக்க வேண்டும். கதைத்து முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழும்பினார்.

"உந்த வருத்தம் புத்தளத்திலையிருந்து வந்து இருக்கிற ஆக்களாலை வந்ததாமே. மிஸ்ஸும் அங்கத்தை ஆள்தானே. உண்மையைச் சொல்லுங்கோ."

நான் வாயைத் திறக்க முன்னம் முன்வரிசையில் இருந்த சிவராசா எழும்பினார். தம்பியின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி கூட முடியவில்லை. தாடி வளர்ந்து கிடந்தது.

"கொண்டந்தது என்ரை தம்பி," என்றார். "றோட்டிலை கிடந்த சீவனைப் பாவம் பாத்துத் தூக்கிக்கொண்டு வந்தவன். அவனைக் கடைசியாத் தூக்கினது அங்கத்தை ஆக்கள். நான் சாப்பிட்டதும் அவையின்ரை வீட்டிலைதான். ஆரும் கேக்கிறதெண்டால் என்னைக் கேளுங்கோ. மிஸ்ஸைக் கேளாதேங்கோ."

அந்த ஆள் கதிரையில் இருந்துவிட்டார். வேறு யாரும் எழும்பவில்லை. அடுத்த கிழமை அதே இடத்தில் கயிற்றிலும் சாக்கிலும் கூடையிலும் நாய்கள் வந்தன. குட்டிகளும் வந்தன. புத்தளத்திலும் ஊசி போட ஆக்கள் போனார்கள்.

துளசிக்காகத்தான் மாதக்கணக்காகக் காத்திருந்தோம். மல்லிகாவின் பேர் போனில் வரும்போதெல்லாம் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எடுப்பேன். சும்மா பிள்ளை சோதினையில் எடுத்த புள்ளியைச் சொல்லத்தான் எடுத்திருப்பார்.

எங்கள் ஆய்வுகூடத்தில் சேருகிற பிள்ளைகளுக்கு இப்போது இதைத்தான் சொல்கிறேன். றிசல்ட் வந்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள். நீங்கள் பாவிக்கிற சொல்லும் அவர்கள் பாவிக்கிற சொல்லும் ஒன்றுதானா என்று பாருங்கள். நாய் என்று கேட்டால் குட்டியையும் கேளுங்கள்.

ஒருநாள் சிவராசா ஆய்வுகூடத்துக்கு வந்தார். பேஸ்புக்கில் எல்லோரும் போட்ட படத்தைத் தானும் பார்க்க வேண்டும் என்றார். மரத்தைத் திரையில் போட்டுக் காட்டினேன்.

"இதிலை தம்பி எங்கை?"

கிளையின் நுனியைத் தொட்டுக் காட்டினேன். பேர் இல்லை, வெறும் இலக்கம்தான். பக்கத்தில் மாட்டின் இலக்கம். மேலேயும் கீழேயும் நாய்கள். சிவராசா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"துளசியையும் உந்தக் குட்டிதானே கடிச்சது. அவளை இதிலை காணேல்லையே, மிஸ்."

"இதிலை நிக்கிறதெல்லாம் செத்தது, அண்ணை," என்றேன். "பிள்ளை இதிலை வராமல் இருக்கத்தான் இவ்வளவும் செய்தனாங்கள்."

அவர் தலையாட்டினார். பிறகு தம்பியின் இலக்கத்தை ஒரு கடதாசியில் எழுதித் தரச் சொன்னார்.